வல்லாரையை வதக்கலாமா?

வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் பரீட்சைக் காலம் நெருங்கினால் வல்லாரைக்குத் தனி மதிப்பு உண்டாகிவிடுகிறது. “பிள்ளைக்கு ஞாபகசக்தி பெருகும்” என்று பாட்டிமார் சொல்ல, தாய்மார் கட்டுக் கட்டாக வாங்கிச் செல்கின்றனர். ஆனால், வாங்கிய இலையை எவ்விதம் சமைப்பது என்பதைச் சிந்திப்போர் சிலரே.

நறுக்கிய கத்தரிக்காய் சற்று நேரத்திற் கறுக்கக் காண்கிறோமன்றோ? காற்றிலுள்ள ஒட்சிசன் செய்யும் வேலை அது. நமது உடலினுள்ளும் ஒட்சியேற்றம் இடையறாது நிகழ்கின்றது. அப்போது தோன்றும் சுயாதீன மூலிகங்கள் அளவு மீறினால் உயிர்க்கலங்களுக்கு ஊறு விளைவிக்கும். அவற்றை அடக்கும் பொருள்களே ஒட்சியேற்ற எதிரிகள். வல்லாரையிலுள்ள குவெர்செற்றின், கெம்பெரோல் முதலிய பல்பீனோல்களும், கரோட்டினும் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

இலங்கை ஆய்வாளர்கள், கனடாவிலுள்ள ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து, வல்லாரை, ஆவாரை, அகத்தி உள்ளிட்ட 6 வகை இலைகளைச் சமைத்துப் பரிசோதித்து, 2018-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். எண்ணெயிற் பொரித்தபோது 6 இலைகளிலும் பல்பீனோல்கள் குறைந்தன. நீரில் அவித்தபோதும் ஆவியில் வேகவைத்தபோதும் விளைவு இலைக்கு இலை வேறுபட்டது. ஆகவே எண்ணெய்ச் சட்டியே இவ்விலைகளின் பல்பீனோல்களுக்குப் பகை எனலாம்.

நம்மவர் வழக்கமான சம்பலோ அடுப்பையே நாடுவதில்லை. இலையை மெல்லிதாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு, தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிசைந்தாற் போதும். தேங்காயிலுள்ள கொழுப்பு, கரோட்டின் உடலிற் சேரத் துணைபுரியும். ஆனால் வல்லாரை ஈரநிலத்திற் படர்வது. பச்சையாக உண்பதாயின் சேறு நீங்கப் பலமுறை கழுவுதல் அவசியம். ஐயமிருப்பின் இலைக்கஞ்சியாகக் காய்ச்சி அருந்துங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பரிசோதனைக் குழாயிற் கண்ட ஆற்றல் முழுவதும் உடலினுள் அவ்வாறே நிகழும் என்று கொள்ளலாகாது. வல்லாரை உண்ட பிள்ளை முதலாம் பிள்ளையாக வருவான் என்று எந்த விஞ்ஞானியும் உறுதி கூறவில்லை. வல்லாரைக் குளிசைகளை நெடுநாள் விழுங்கிய சிலருக்கு ஈரல் பாதிப்பு நேர்ந்ததாக மருத்துவ ஏடுகளிற் பதிவுகள் உண்டு. எனவே வைத்தியரைக் கேளாது பிள்ளைகளுக்குக் குளிசை கொடுக்காதீர்கள். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இலையை நம்பவும் வேண்டாம்.

மாணவர்களே! இராமுழுதும் கண்விழித்துவிட்டுக் காலையில் வல்லாரையைத் தேடுவதில் பயனில்லை. நாள்தோறும் படிப்பு, போதிய உறக்கம், சோற்றோடு சிறிது சம்பல். இம்மூன்றும் சேர்ந்தால் பாட்டியின் சொல்லும் பழுதாகாது. விஞ்ஞானத்தின் சொல்லும் பழுதாகாது.