வில்லியனூரில் எடுத்த ஆய்வு, வில்லியனூருக்கு எப்போது திரும்பும்?

பொது நிர்வாகம், பொதுக் கொள்கை படிக்கும் ஆய்வாளர்களுக்கு வில்லியனூரும் பாகூரும் நல்ல களம். காலாப்பட்டில் பல்கலைக்கழகம், நகரத்தில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கிராமம். ஏரி, ரேஷன், நூறு நாள் வேலை, குடிநீர், சுயஉதவிக் குழு என எதைப் பற்றியும் கேட்கலாம். ஊர்க்காரர்களும் உட்கார வைத்துப் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொன்னதெல்லாம் கடைசியில் என்ன ஆனது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இந்த ஊர்களில் அப்படி என்ன விசேஷம்?

இந்தியாவின் மற்ற பகுதிகளில் ‘கொம்யூன்’ கிடையாது. பிரெஞ்சு அரசு 1880-ல் போட்ட ஆணையின்படி இங்கே கொம்யூன்கள் உருவாயின. வில்லியனூரும் பாகூரும் அப்போதே இருந்தவை. பிறகு 1973-ல் வந்த கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டது. இன்று புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் மொத்தம் 10 கொம்யூன் பஞ்சாயத்துகள், 108 கிராமப் பஞ்சாயத்துகள்.

இன்னொரு விசேஷமும் உண்டு. புதுச்சேரியின் எல்லை நேர்க்கோடு இல்லை. பாகூர் பக்கம் போனால், கொஞ்ச தூரத்தில் கடலூர் மாவட்டம். வில்லியனூரைத் தாண்டிப் போனால் விழுப்புரம் மாவட்டம். அதே மண், அதே பேச்சு, ஒரே மாதிரி ஏரிப் பாசனம். சட்டமும் நிர்வாகமும் மட்டும் வேறு. ஒரு கொள்கை எப்படி வேலை செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

பஞ்சாயத்து இருக்கு, தலைவர் இல்லை

ஒப்பிடும்போது முதலில் கண்ணில் படுவது இதுதான். 1968-க்குப் பிறகு புதுச்சேரியில் 38 ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2006-ல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அரசியல் சாசனத்தின் 243-இ பிரிவு, ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது. ஆனால் பத்து ஆண்டுகள் ஓடிய பிறகு, 2021-ல்தான் தேர்தல் தேதி அறிவித்தார்கள். அதுவும் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் நின்றுபோனது. 2011 முதல் கொம்யூன்களை நடத்துவது அதிகாரிகள்தான்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 1954 அக்டோபர் 18-ம் தேதி, பிரெஞ்சு இந்தியா இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று வாக்களித்தது பொதுமக்கள் அல்ல. நகரசபை, பிரதிநிதி சபை உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த 178 பேர்தான். அவர்களில் 170 பேர் ‘சேரலாம்’ என்றார்கள். அந்த வாக்கெடுப்பு நடந்த கீழூர், வில்லியனூர் கொம்யூனில்தான் இருக்கிறது. ஊர்களின் பிரதிநிதிகள் ஒரு நாட்டின் எல்லையையே முடிவுசெய்த இடத்தில், தெருவிளக்கைப் பற்றிக் கேட்கக்கூட ஊர் தேர்ந்தெடுத்த ஒரு ஆள் இல்லாமல் இத்தனை ஆண்டுகள் போய்விட்டன.

சரி, இதற்கும் ஆய்வாளருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து இருக்கும் ஊரில், குறை சொல்ல ஒரு வீடு இருக்கும். பதில் சொல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். அது இல்லாத ஊரில், தன் நிலைமையை முறையாகக் கேட்டு, எழுதி, எண்ணிக்கையோடு பதிவுசெய்கிற ஒரே வெளி ஆள் சில நேரங்களில் ஆய்வாளர்தான். அந்தப் பதிவு ஊருக்குத் திரும்பவில்லை என்றால், ஊருக்கு அது இல்லாத மாதிரிதான்.

எங்கே போகிறது அது? முனைவர் பட்ட ஆய்வேடுகளை ‘சோத்கங்கா’ தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது யுஜிசி விதி. நல்ல விதிதான், யாரும் திறந்து படிக்கலாம். ஆனால் பொதுக் கொள்கை ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருக்கின்றன. மீதி ஆய்விதழ்களுக்குப் போகிறது. அவற்றில் பலவற்றைப் பணம் கட்டினால்தான் படிக்கலாம். தகவல் கொடுத்த அக்காவுக்கு எந்த வழியும் இல்லை.

இதே வில்லியனூரில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் நிதியுதவியோடு ஒரு ஆய்வுத் திட்டத்தை இங்கே தொடங்கியது. தலைமை மையம் வில்லியனூரில். கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் தகவல் மையங்கள். முதலில் ‘உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?’ என்று ஊரிடம் கேட்டார்கள். இடம் ஊர் கொடுக்க வேண்டும், எல்லாச் சாதியினரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் தமிழில் வந்தது. ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஒரு பத்திரிகையும் வந்தது. அதுவும் ஆய்வுதான். உலக அளவில் கட்டுரைகளும் எழுதப்பட்டன. ஆனால் ஊர் முதலில் பயன் பெற்றது, கட்டுரை பிறகு வந்தது.

நடைமுறையில் முடியுமா?

ஆய்வாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. வேலையும் பதவி உயர்வும் ஆய்விதழ் கட்டுரைகளைப் பார்த்துத்தான் கிடைக்கின்றன. ஊரில் போய்ப் பேசியதற்கு மதிப்பெண் கிடையாது. சின்ன ஊரில் ‘ஒருவர் சொன்னார்’ என்று எழுதினாலே அது யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நூறு நாள் வேலையில் கூலி தாமதம் என்று சொன்னவருக்கு அடுத்த முறை வேலை கிடைக்காமல் போகலாம். இந்தப் பயம் உண்மையானது.

அதனால்தான் கேட்க வேண்டியது சின்ன விஷயம். பெயர் இல்லாமல், ஆளை அடையாளம் காட்டும் விவரம் இல்லாமல், இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம். என்ன கேட்டோம், எத்தனை பேரிடம் கேட்டோம், என்ன தெரிந்தது, எது தெரியவில்லை. அதை நூலகத்திலும் கொம்யூன் அலுவலகத்திலும் வைக்கலாம், கிராம சபையில் வாசிக்கலாம், வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம். பட்டம் தருவதற்கு முன் வழிகாட்டி இதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் செய்யப்போவதில்லை.

பாகூர்ச் செப்பேடு பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தது. பாகூரிலிருந்த கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதை அது சொல்கிறது. அதாவது, ஊர்களின் வருமானத்தில் அறிஞர்கள் படித்தார்கள். இன்றும் ஒருவகையில் அதுதான் நடக்கிறது. ஊர் தன் நேரத்தையும் வாய்ச்சொல்லையும் தருகிறது, அதில் ஒருவர் டாக்டர் ஆகிறார். தேர்தலை நடத்துவது ஆய்வாளர் கையில் இல்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்வது அவர் கையில்தான் இருக்கிறது.