வளையும் சோலர் பனலும் எங்கட காம்பர் வண்டிகளும்

இங்கே ஜேர்மனியில் எங்கட ஆட்கள் சிலபேர் இப்போது காம்பர் வண்டி வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். முப்பது வருடமாக இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடின சனம். பிள்ளைகள் வளர்ந்து தங்கட பாட்டில் போனபிறகு ஒரு பழைய வானை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் பூட்டி, நோர்வே, போர்த்துக்கல் என்று வெளிக்கிடுகிறார்கள். நல்ல விசயம். ஆனால் அந்த வண்டிக் கூரையில் என்ன பனலைப் பூட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. வயர் வேலை தெரிந்தவன் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: வேறு வழி இல்லாவிட்டால் மட்டும் வளையும் பனலைப் பூட்டுங்கோ. மற்றப்படி சாதாரண கண்ணாடிப் பனல் போதும். அதில் மிஞ்சுகிற காசை நல்ல கொன்ரோலருக்கும் தடித்த வயருக்கும் போடுங்கோ.

வளையும் பனலில் ஏன் எல்லாருக்கும் ஆசை வருகிறது என்று விளங்குகிறது. 100 வாற் கண்ணாடிப் பனல் சட்டத்தோடு ஏழு கிலோ அளவில் வரும். வளையும் பனல் இரண்டு கிலோதான். தடிப்பு மூன்று மில்லிமீற்றர் அளவு. கூரையில் ஓட்டை போடத் தேவையில்லை, பசை பூசி ஒட்டிவிடலாம். வண்டி 3500 கிலோவைத் தாண்டக்கூடாது என்ற பயமும் இருக்கிறது. ஆனால் கணக்குப் பாருங்கோ. இரண்டு பனலுக்கு மிச்சம் பிடிப்பது பத்துக் கிலோ. அது எங்கட ஆட்கள் பயணத்துக்கு ஏற்றுகிற ஒரு அரிசி மூட்டையின் பாரம். அதற்காக விடுவது என்ன என்று சொல்கிறேன்.

முதலாவது சூடு. பனலில் எழுதியிருக்கிற வாற் எல்லாம், அதன் செல் 25 பாகை செல்சியசில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 வீதம் வரை குறையும். கண்ணாடிப் பனலுக்குக் கீழே காற்றுப் போக இடைவெளி இருக்கும். இரும்புக் கூரையோடு ஒட்டின வளையும் பனலுக்கு அது இல்லை. யூலை மத்தியான வெயிலில் அது 70 பாகைக்குப் போனால், 0.4 வீதக் கணக்கில் 18 வீதம் போய்விட்டது. 100 வாற்றுக்குக் காசு கொடுத்தீர்கள், கையில் இருப்பது 82. அந்தச் சூடு கூரை வழியாக வண்டிக்குள்ளும் இறங்கும்.

இரண்டாவது ஆயுள். உள்ளே இருக்கிற சிலிக்கன் செல் அப்பளம் மாதிரி. தகடு வளையும், செல் வளையாது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வரும். வெடித்த இடம் மின்சாரத்தைத் தடுத்துச் சூடாகி, கடைசியில் கறுத்துப் போகும். மேல்பூச்சு மலிவான பீ.ஈ.ரி பிளாஸ்ரிக் என்றால் சில வருடத்தில் மஞ்சளாகி மங்கும். ஈ.ரி.எஃப்.ஈ பூச்சு அதைவிடத் தாக்குப்பிடிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணர் இணையத்தில் மலிவாக வாங்கி ஒட்டினார். இரண்டு கோடை முடிய மண்ணிறப் பொட்டுகள் வந்துவிட்டன. விற்றவரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. ஒட்டினதைக் கழற்ற வெளிக்கிட்டால் கூரைப் பெயின்ரும் சேர்ந்து உரிந்து வந்தது. கண்ணாடிப் பனலுக்கு 25 வருட உத்தரவாதம் சாதாரணம். வளையும் பனலுக்கு எத்தனை வருடம் என்று வாங்கமுதல் கேளுங்கோ, பதிலிலேயே விசயம் விளங்கும்.

இதெல்லாம் பொழுதுபோக்குச் சாமானுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். எங்கட வயது ஆட்களில் எத்தனை பேருக்குச் சீனி வருத்தம்? பிரிட்ஜுக்குள் இருப்பது பியர் மட்டும் இல்லை, திறக்காத இன்சுலினும்தான். அது 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். ஸ்பெயின் வெயிலில், ஒரு மலையடிவாரத்தில், பற்றறி இறங்கிப்போனால் அது வேறு கதை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாற். மூன்று வாற்றின் பெறுமதி தெரிந்த நாங்கள் கூரையில் முப்பது வாற்றைச் சும்மா விடக்கூடாது.

அந்த முப்பது வாற் எங்கே போகிறது என்றால், கொன்ரோலரில். மலிவான பி.டபிள்யூ.எம் கொன்ரோலர் பனலை நேரே பற்றறியோடு தொடுத்து விடுகிறது. 100 வாற் பனல் 18 வோல்ற்றில் 5.5 அம்பியர் தரும். பற்றறி 13 வோல்ற்றில் நின்றால் உங்களுக்குக் கிடைப்பது 13 தர 5.5, அதாவது 71 வாற் சொச்சம். எம்.பி.பி.ரி கொன்ரோலர் கூடின வோல்ற்றைக் கூடின அம்பியராக மாற்றித் தரும், வீணாவது சில வீதம்தான். கொதிக்கிற வெயிலில் பனலின் வோல்ற் இறங்குவதால் இந்த வித்தியாசம் குறையும் என்பது உண்மை. ஆனால் குளிரான வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், மின்சாரம் தட்டுப்பாடான நேரத்தில், முழுதாகக் கை கொடுக்கும். இரண்டு பனலைத் தொடராகப் பூட்ட விரும்பினால் எம்.பி.பி.ரி கட்டாயம். பி.டபிள்யூ.எம்மில் அப்படிப் பூட்டினால் அரைவாசிக்கு மேல் வீண்.

பெட்டியில் 75/15, 100/20 என்று எழுதியிருக்கும். முதல் எண் பனல் பக்கத்தில் தாங்கக்கூடிய வோல்ற், இரண்டாவது பற்றறிக்குக் கொடுக்கும் அம்பியர். அம்பியர் கொஞ்சம் குறைந்தால் நல்ல கொன்ரோலர் தன்னைக் கட்டுப்படுத்திக் கொள்ளும். வோல்ற் கூடினால் எரிந்து போகும். 22 வோல்ற் திறந்த அளவுள்ள இரண்டு பனல் தொடராக 44 வோல்ற். பனல் குளிர்ந்தால் வோல்ற் கூடும். உறைகுளிர் −10 பாகையில், விடியக் காலை வெயில் பட்டவுடன், கிட்டத்தட்ட 49 வோல்ற்றுக்குப் போகும். 50 வோல்ற் கொன்ரோலரை நம்பி நோர்வேக்குப் போகாதையுங்கோ. 75 வாங்குங்கோ. 200 வாற் பனலுக்கு 15 அம்பியர் சமாளிக்கும், 20 என்றால் தாராளம்.

பற்றறி வகையைக் கொன்ரோலரில் சரியாகத் தெரிவு செய்யவும் வேண்டும். ஜெல், ஏ.ஜி.எம், லித்தியம் மூன்றுக்கும் ஏற்றும் வோல்ற் வேறு வேறு. லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றறியை 0 பாகைக்குக் கீழே ஏற்றினால் பழுதாகும். குளிரில் ஏற்றுவதை நிறுத்தும் வசதி பற்றறியிலோ கொன்ரோலரிலோ இருக்கவேண்டும். பூட்டும்போது முதலில் பற்றறி, பிறகு பனல். கழற்றும்போது மறுபக்கம். பற்றறிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கோ. இந்தப் பியூஸை மறந்துவிட்டுப் படுக்கிற கட்டிலுக்குக் கீழே வயர் ஓடவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

மேல்நோக்கித் திறக்கும் கூரை, வளைந்த கூரை, உண்மையிலேயே பாரம் இடிக்கிற சின்ன வண்டி: இவற்றுக்கு வளையும் பனல் சரி. அப்போதும் ஈ.ரி.எஃப்.ஈ பூச்சுப் பார்த்து எடுங்கோ. இடம் இருந்தால் நேரே கூரையில் ஒட்டாமல், உள்ளே குழாய் குழாயாக ஓட்டை உள்ள பொலிகாபனேற் பலகையை இடையில் வைத்து ஒட்டுங்கோ. காற்றும் போகும், நாளைக்குக் கழற்றவும் ஏலும். மேலே ஏறி மிதியாதையுங்கோ.

இன்னொன்று. மார்கழியில் இங்கே மத்தியானச் சூரியனே 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். கூரையில் படுக்கவைத்த எந்தப் பனலும் அப்போது பெரிதாக ஒன்றும் தராது. எந்தக் கொன்ரோலரும் இல்லாத வெயிலை உண்டாக்காது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கிற வாற்றைப் பார்த்து வாங்காமல், பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இருக்கிற வோல்ற்றையும் அம்பியரையும் பார்த்து வாங்குங்கோ. கூரையில் மடிப்பில்லாமல் வடிவாக ஒட்டியிருக்கிறது என்று ஊரார் புகழ்வதைவிட, பாதிச் சாமத்திலும் பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருப்பதுதான் முக்கியம்.