கெஜட்டில் ஏறாத தீர்ப்பு

பூதலூர் விவசாயச் சகோதரர்களே! தீர்ப்பு வந்துவிட்டது என்றதும் மகிழ்ந்து கலைந்து விடுகிறோமே, அது எந்த நாளிலிருந்து செல்லும் என்று கேட்டோமா?

காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு அளித்தது 2007 பிப்ரவரி 5. நதிநீர்த் தகராறுச் சட்டப்படி கெஜட்டில் வெளியானால்தான் அது அமலுக்கு வரும். மத்திய அரசு வெளியிட்டதோ 2013 பிப்ரவரியில். அதுவும் சுப்ரீம் கோர்ட் கெடு விதித்த பிறகு! ஆறு ஆண்டுகள் தமிழகத்தின் 419 டி.எம்.சி. காகிதத்திலேயே கிடந்தது.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்றார்கள். அது 2018 வரை முடியவில்லை. பின் 2013-இல் மட்டும் எப்படி வெளியிட முடிந்தது? மேலாண்மை ஆணைய அறிவிப்பும் 2018 ஜூன் 1-இல்தான் வந்தது.

சிந்தியுங்கள்! இனி எந்தச் சட்டம், எந்தத் தீர்ப்பு வந்தாலும் மூன்று கேள்விகளை எழுப்புங்கள்: கெஜட்டில் வந்ததா? அமல் தேதி எது? அமல்படுத்துவது யார்?