பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த நெட்டும் என் பழைய போனும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் மாலை ஏழு முதல் எட்டரை வரை என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு விடுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பாட வீடியோ பார்க்கிறாள். "உங்க நெட்டை ஏன் ஊருக்கெல்லாம் குடுக்கறீங்க?" என்று உறவில் ஒருவர் கேட்டார். எனக்கு ஒரு நாளைக்கு 2 ஜிபி. இரவு 12 மணி ஆனால் மிச்சம் போய்விடும், மறுநாள் கணக்கில் சேராது. காசு கொடுத்து வாங்கியதை நான் யாருக்குக் கொடுத்தால் என்ன? பாஸ்வேர்டு மட்டும் கண்டிப்பாகப் போடுங்கள். நம் இணைப்பில் எவனோ செய்யும் வில்லங்கத்துக்கு நம்மைத்தான் முதலில் தேடி வருவார்கள்.

அமெரிக்காவில் இதற்கே வழக்கு வந்திருக்கிறது. ஹாட்ஸ்பாட்டுக்கு வெரிசான் நிறுவனம் மாதம் 20 டாலர் தனியாக வாங்கியது. அந்தக் கட்டணம் இல்லாமல் பகிர உதவிய செயலிகளை மறைக்கும்படி கூகுளிடம் கேட்டதாகப் புகார். 2012இல் 12.5 லட்சம் டாலர் கட்டி விசாரணையை முடித்துக்கொண்டது. அந்த நாளில் ஹாட்ஸ்பாட்டுக்காகவே போனை 'ரூட்' செய்தார்கள், அதாவது மென்பொருளின் முழு அதிகாரத்தையும் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நமக்கு அது வேண்டாம், செட்டிங்ஸிலேயே இருக்கிறது.

அப்படியானால் மென்பொருளை மாற்றுவதே தப்பா? தப்பில்லை என்பேன். அந்தப் பெண் கையில் இருப்பது என் பழைய போன்தான். கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது, போன் ஆமை வேகத்தில் ஓடியது. தங்கை பேரன் அதில் லினியேஜ் ஓஎஸ் ஏற்றிக் கொடுத்தான். இப்போது நன்றாக ஓடுகிறது. நல்ல போனைக் குப்பையில் போட வைக்கும் கம்பெனியைவிட இந்தப் பையன்கள் எவ்வளவோ மேல்.

ஆனால் அதற்கு முன் பூட்லோடர் என்கிற பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். திரையில் ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதியிருந்ததாம். "சரியா தாத்தா?" என்றான். படிக்காமல் தலையாட்டினேன். கேள்வித்தாளை இரண்டு முறை படி என்று முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் கத்தியவன் நான்! பிரிவு உபசார விழாப் படங்கள், 2018 ஆண்டு விழாப் படங்கள் எல்லாம் போயின. பையனைத் திட்டவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் படங்களைக் கணினியில் ஏற்றிவிட்டு, பழைய போனில் செய்யுங்கள். அம்மா அப்பாவின் போனில் கை வைக்காதீர்கள். இப்படி மாற்றிய போனில் பல வங்கிச் செயலிகள் திறக்காது. பென்ஷன் வந்ததா என்று பார்க்க முடியாமல் அவர்கள் தவிப்பார்கள்.

2018 விழாவில் மேடையில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படம் உங்களில் யாரிடமாவது இருந்தால் அனுப்பிவையுங்கள். என் வாட்ஸ்அப் எண் பழைய எண்தான்.