வலைக்குத் தக்கை உண்டு, ஆளுக்கு?

ஒகேனக்கல் போயிருப்பீர்கள். எண்ணெய்க் குளியல், வறுத்த மீன், பரிசல். பரிசலில் கால் வைக்கும் முன்பே ஓர் ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டிருப்பார்கள். வியர்வை நாற்றம் அடிக்குது, பக்கிள் சரியாக மாட்டலை, போட்டோவில் அசிங்கமா இருக்கும் என்று நீங்கள் முனகியும் இருப்பீர்கள். ஆனாலும் போட்டுக்கொண்டீர்கள். ஆற்றில் தண்ணீர் அதிகமாக வந்தால் பரிசலையே நிறுத்திவிடுகிறார்கள். நல்ல காரியம். உங்கள் உயிர் மேல் அவ்வளவு அக்கறை.

அதே காவிரி இன்னும் கொஞ்ச தூரம் இறங்கி மேட்டூர் அணையில் தேங்குகிறது. 1934-ல் கட்டி முடித்த அணை. நிரம்பினால் 150 சதுர கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர். ஆடிக் காற்றில் நிஜமாகவே அலை அடிக்கும். அந்தத் தண்ணீரில், விடிவதற்கு முன்னால், அதே மாதிரி ஒரு பரிசலில் ஒருவரோ இருவரோ போவார்கள், முந்தின நாள் சாயங்காலம் விரித்துவிட்டு வந்த வலையை எடுக்க. இடுப்பில் லுங்கி, தலையில் துண்டு. லைஃப் ஜாக்கெட்டா? அதெல்லாம் டூரிஸ்ட்டுக்குங்க!

அவர் பரிசலில் கிடக்கும் வலையைப் பாருங்கள். மேல் கயிறு முழுக்க வரிசையாகத் தக்கை கட்டியிருக்கும். வலை மூழ்கிவிடக் கூடாதாம். வலைக்கு இருக்கிற இந்த ஏற்பாடு வலையை வீசுகிற ஆளுக்கு இல்லை. இத்தனைக்கும் உங்கள் ஊர் மீன் கடையில் 'டேம் மீன்' என்று போர்டு மாட்டி விற்கிற கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் இப்படிப் போகிறவர்கள் பிடித்து வருவதுதான்.

'அவங்களுக்கு நீச்சல் தெரியாதா என்ன?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தெரியும். லுங்கி காலைச் சுற்ற, நைலான் வலை கையைச் சுற்ற, இருட்டில், கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல், ஒரு கிலோமீட்டர் நீந்திப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

விஷயம் ஜாக்கெட்டோடு முடியவில்லை. பரிசலே மாறிவிட்டது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

பழைய பரிசல் மூங்கில் கூடை. மூங்கிலைப் பத்தை பத்தையாகப் பிளந்து, நடுவிலிருந்து பின்னிக்கொண்டே வந்து, விளிம்பில் கனமாகக் கட்டி முடிப்பார்கள். அந்தக் காலத்தில் வெளியே தோல் போர்த்தினார்கள். அப்புறம் பிளாஸ்டிக் சாக்கு வந்தது, அதன் மேல் தார். அடிப்பக்கம் தட்டை என்பதால் முழங்கால் தண்ணீரிலும் ஓடும், பாறையில் இடித்தாலும் வளைந்து கொடுக்கும், வேலை முடிந்தால் ஒரே ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். (கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலக்காரன் எடுத்துக்கொண்டான் என்று மேடைக்கு மேடை மார் தட்டுகிறோம். பரிசல் பின்னுகிறவரின் கைவேலையை எந்த மேடையிலும் சொல்லக் கேட்டதில்லை.)

இந்தக் கூடையில் இன்னொரு வசதியும் உண்டு. மூங்கில் தண்ணீரை விட லேசு. பரிசலுக்குள் தண்ணீர் நிரம்பிவிட்டால்கூட அது ஒரேயடியாக அடிக்குப் போய்விடாது, விளிம்பளவுக்காவது மிதந்துகொண்டு நிற்கும். பிடித்துக்கொண்டு தொங்கலாம், கத்தலாம், விடியும் வரை காத்திருக்கலாம். லைஃப் ஜாக்கெட் என்ற பெயரே தெரியாத காலத்தில் பரிசல்தான் லைஃப் ஜாக்கெட்.

இப்போது ஃபைபர் பரிசல். கண்ணாடி நாரிழை. நான் ஃபைபருக்கு விரோதி இல்லை. தார் பூசுகிற வேலை இல்லை, ஒழுகல் இல்லை, கறையான் இல்லை, பல வருஷம் உழைக்கும். அரசாங்கமே மானியத்தில் ஃபைபர் பரிசல் கொடுத்திருக்கிறது. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் ஃபைபர் தண்ணீரை விடக் கனம், சுமார் ஒன்றரை மடங்கு. உள்ளே தண்ணீர் நிரம்பினால் நேராகக் கீழே போகும். குப்புறக் கவிழ்ந்தால் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று கொஞ்ச நேரம் தாங்கும். ஓர் அலையில் ஒரு பக்கம் சாய்ந்தால் அதுவும் போச்சு. ஆக, மூங்கிலை எடுத்துவிட்டு ஃபைபரைக் கொடுத்தபோது, மூங்கிலுக்குள் ஒளிந்திருந்த மிதவையையும் சேர்த்தே பிடுங்கிவிட்டோம். அதற்குப் பதிலாக வேறு ஒன்றை வைத்துக் கொடுக்க வேண்டாமா?

என்ன பெரிய செலவு? கணக்குப் போடலாம், வாருங்கள். பரிசல் 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் போனதும் அதன் கனம் 17 கிலோ மாதிரிதான் தெரியும். விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே வைத்திருக்க ஓர் ஆளுக்கு ஆறேழு கிலோ தாங்குதல் போதும். இரண்டு பேருக்குப் பதினான்கு. மொத்தம் 31 கிலோ. ஒரு லிட்டர் காற்று ஒரு கிலோவைத் தூக்கும். இறுக்கி மூடிய 20 லிட்டர் எண்ணெய் கேன் இரண்டு, எதிரும் புதிருமாக விளிம்புக்குக் கீழே வாரால் இறுக்கிக் கட்டினால் 40 கிலோ. முடிந்தது கணக்கு! இன்னும் ஒழுங்காகச் செய்வதென்றால், வார்க்கும்போதே விளிம்பை இரட்டைச் சுவராக்கி நடுவே தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் அடைத்துவிடலாம். இது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான சிறு படகுகள் தண்ணீர் நிரம்பினாலும் மிதக்க வேண்டும் என்பது 1970-களிலிருந்தே சட்டம். அங்கே அது பெரும்பாலும் பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவரின் படகு. இங்கே வயிற்றுக்குப் பிடிக்கிறவரின் பரிசல்.

'ஜாக்கெட் கொடுத்தாலும் போட மாட்டாங்க சார்' என்று ஒரு பதில் ரெடியாக இருக்கும். பாதி உண்மை. உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற உங்களுக்காகச் செய்த அந்தத் தடித் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து வலை இழுக்க முடியாது. பக்கிளில் வலைக் கண்ணி மாட்டும், மாட்டினால் அதுவே ஆபத்து. முன்பக்கம் வழுவழுவென்று, கை வீசத் தோதாக, மெலிசாகத் தைத்தால் போடுவார்கள். வேலைக்குப் போகிறவரின் அளவைக் கேட்காமல் தைத்துவிட்டு, போடவில்லை என்று அவரையே குறை சொல்வது நன்றாக இருக்கிறதா?

நம் பழக்கம் வேறு. 2009-ல் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர். 2023-ல் கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிச் சுற்றுலாவுக்கு விட்டதில் மறுபடி 22 பேர். ஒவ்வொரு முறையும் டி.வி. அலறியது, கமிஷன், சோதனை, தடை எல்லாம் வந்தன. பரிசலில் போன ஒற்றை ஆள் திரும்பி வராவிட்டால் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி. 1917-ம் வருஷத்து உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இன்ஜின் வைத்த படகுகளைத்தான் கண்ணெடுத்துப் பார்த்தது. இன்ஜின் இல்லாதவற்றையும் உள்ளூர் அலுவலகங்களில் பதிய வேண்டும் என்று 2021 சட்டம்தான் சொல்ல ஆரம்பித்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, துடுப்பு கண்ணுக்குத் தெரிய!

ஆனால் செத்தால் பணம் உண்டு. பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் விபத்துக் காப்பீடு 5 லட்சம் ரூபாய், உள்நாட்டு மீனவருக்கும் சேர்த்து. வேண்டாம் என்று சொல்லவில்லை, அது குடும்பத்துக்கு வேண்டிய பணம். அந்த 5 லட்சத்தில் எத்தனை பரிசலுக்கு ஜோடி கேன் கட்டலாம் என்று மட்டும் அதிகாரிகள் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கட்டும்.

அடுத்த முறை மானியப் பரிசலுக்கு டெண்டர் விடும்போது ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: 'விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, இரண்டு பேர் தொங்கினாலும் பரிசல் மிதக்க வேண்டும்.' சோதித்துப் பார்க்க லேப் தேவையில்லை. அணைக்கரையிலேயே தண்ணீர் இருக்கிறது. டெண்டரில் கையெழுத்துப் போட்ட அதிகாரியும் சப்ளை செய்த கான்ட்ராக்டரும் தொங்கிக் காட்டட்டும். வேண்டுமானால் ஒகேனக்கல்லிலிருந்து இரண்டு ஆரஞ்சு ஜாக்கெட் கொண்டுவரச் சொல்லலாம்.