திறவுகோல் யார் கையில்?

பணம் கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உடைமை என்பது உலகியல். உழவன் விலைக்கு வாங்கிய மண்வெட்டியைக் கொல்லன் மறுமாதம் வந்து பிடுங்கிச் செல்வதில்லை. ஆயின், எழுத்துக்கும் அச்சுக்கும் இன்றியமையாக் கருவியாகிவிட்ட கணினி மென்பொருளில் இவ்வியல்பு தலைகீழாகி வருகின்றது. விற்பனை தேய்ந்து வாடகை கோலோச்சுகின்றது.

இம்மாற்றத்தில் முன்னின்ற பெருநிறுவனங்களுள் ஒன்று அடோபி. போட்டோஷாப், இன்டிசைன் முதலிய மென்பொருள்களை அது ஒருமுறை விலைக்கு விற்று வந்தது. 2012இல் வெளியான கிரியேட்டிவ் சூட் 6 என்னும் தொகுப்போடு அம்முறைக்கு முடிவு கட்டுவதாக 2013 மே மாதத்தில் அறிவித்தது. அத்தொகுப்பின் அடுத்த பதிப்புகளைப் பெற விரும்பியோர்க்குச் சந்தா ஒன்றே வழியாயிற்று.

பெருந்தொகையை ஒரே முறையில் செலுத்த இயலாதவர் மாதந்தோறும் சிறுதொகை செலுத்திப் பயன்பெறலாம். திருத்தங்களும் புதிய வசதிகளும் உடனுக்குடன் வந்து சேரும் என நிறுவனத்தார் வாதிடுவர். உண்மையே. ஓரிரு மாதத் தேவைக்கு வாடகை நன்றே. ஆயின், வாடகை வீடு சிலர்க்கு ஏற்றது என்பதற்காக ஊரில் எவரும் சொந்த வீடு வாங்கலாகாது எனச் சட்டம் செய்தல் முறையாகுமா? வாங்கும் வாய்ப்பை அழித்ததே குற்றம். சந்தாவை முன்னிறுத்தும் மைக்ரோசாப்ட் நிறுவனமே, 2024 அக்டோபரில் ஆபீஸ் 2024 தொகுப்பை ஒருமுறை விலைக்கு வெளியிட்டது. இரண்டும் ஒருங்கே இயலும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

வாடகையினும் கொடியது கதவடைக்கும் உரிமை. வெனிசுவேலாவின்மீது அமெரிக்க அரசு விதித்த தடையாணையைக் காட்டி, அந்நாட்டுப் பயனர்களின் கணக்குகளை முடக்கப்போவதாக 2019 அக்டோபரில் அடோபி அறிவித்தது. அம்மாத இறுதியில் அமெரிக்க அரசின் உரிமம் கிட்டியதால் அம்முடிவு கைவிடப்பட்டது. இடைப்பட்ட நாள்களில் அஞ்சிக் கிடந்த ஓவியரும் இதழாளரும் செய்த பிழை யாது? எங்கோ ஒரு தலைநகரில் இட்ட கையெழுத்து அவர்தம் பட்டறையைப் பூட்டும் வல்லமை பெற்றது எதனால்? கருவி அவர்தம் உடைமையாக இல்லாமையால் அன்றோ! விலகுவதும் எளிதன்று. ஆண்டுச் சந்தாவை இடையில் நிறுத்துவோர்க்கு விதிக்கும் கட்டணத்தை மறைத்ததாக, 2024 ஜூனில் அமெரிக்க அரசே அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது.

இதனால் தமிழாசிரியர்க்கு வருவது என்ன? தமிழ்ப்பள்ளியொன்று தன் பொன்விழா மலரை இன்டிசைனில் வடிவமைத்ததாகக் கொள்க. பால்மரக் காட்டில் உழைத்துப் பள்ளி எழுப்பிய பெற்றோரின் வரலாறு அதில் உண்டு. பத்தாண்டு கழித்து அம்மலரைத் திருத்தி மறுபதிப்புச் செய்ய முனையும்போது சந்தா முடிந்திருப்பின், கோப்பு கணினியில் கிடக்கும். அதனைத் திறக்கும் மென்பொருளோ இயங்காது. உழைப்பு பள்ளியுடையது, திறவுகோல் அயலாருடையது.

இதற்கு மாற்று உண்டு. லிப்ரே ஆபீஸ், ஸ்கிரைபஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் சந்தா கேட்பதில்லை. வசதி சில குறையலாம், உரிமை குறைவதில்லை. லிப்ரே ஆபீஸ் கையாளும் திறந்த ஆவண வடிவம் 2006இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பெற்றது. எந்நிறுவனம் மறைந்தாலும் அவ்வடிவைப் படிக்கும் மென்பொருளை எவரும் ஆக்கலாம். சந்தா மென்பொருளைத் தவிர்க்க இயலாதோரும் தம் ஆக்கங்களின் படியொன்றைத் திறந்த வடிவில் சேமித்தல் கடமையாகும். ஒரு நிறுவனத்தின் பொத்தான்களை மட்டும் மாணவர்க்குப் பழக்குவது அந்நிறுவனத்திற்கு வாடிக்கையாளரை வளர்ப்பதேயாகும். கணினிக் கல்வி ஆகாது.

உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து ஓலைச்சுவடிகளைத் தேடினார். கரையானும் காலமும் அவருக்குப் பகையாயின. எனினும், கைக்கு வந்த சுவடியைப் பிரித்துப் படிக்க அவர் எவர்க்கும் மாதக் கட்டணம் செலுத்தியதில்லை. வருங்காலத் தமிழர்க்கு இத்தலைமுறை விட்டுச்செல்லும் எழுத்து, பிறர் பூட்டிய பெட்டியில் கிடத்தல் தகுமா? ஆசிரியர் உலகம் விடை கூறட்டும்.