கடலைக் கொல்லை எழுத்து சொல்லித் தராது

2021 தீபாவளிக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து கூட்டாளி ஒருத்தன் போன் பண்ணினான். மழை, கொரோனா, தீபாவளி எல்லாம் பேசி முடிச்சிட்டு, "உங்க ஊர்ப் புள்ளைங்க குடுத்து வச்சதுங்கடா. பள்ளிக்கூடம் இல்லாட்டி என்ன, வயலும் மாடும் மரமுமா வளருதுங்க. இயற்கையை விடப் பெரிய பள்ளிக்கூடம் எது? என் பையன் நாலு சுவத்துக்குள்ள கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டு கெடக்கிறான்" என்றான்.

அப்போது நான் திண்ணையில் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆடியில் போட்ட கடலை. மழைக்குப் பயந்து நாலு நாள் முன்னாடியே பிடுங்கியாச்சு. எதிரில் எங்கள் கொல்லைக்கு வேலைக்கு வரும் அப்பாயி ஒருத்தரும் அவர் பேத்தியும். பாப்பாவுக்கு அப்ப ஏழு வயசு. ரெண்டாம் வகுப்பு. ஆனால் அன்றைய தேதி வரைக்கும் ஒரு வகுப்பறைக்குள் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. 2020 ஆகஸ்டில் பேர் சேர்த்தார்கள், புத்தகமும் பையும் கொடுத்தார்கள். அத்தோடு சரி.

கூட்டாளியிடம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. உங்களில் பலருக்கும் அதே நினைப்பு இருக்கிறதால இங்கே சொல்கிறேன். அந்த நினைப்பு தப்பு. அழகாயிருக்கிற தப்பு.

கொல்லை ஒண்ணுமே சொல்லித் தரலைன்னு நான் சொல்ல வரல. அந்தப் பாப்பா காயை உடைச்சு, ஓட்டுக்கு உள்பக்கம் கறுத்திருக்கா வெள்ளையா இருக்கான்னு பார்த்து, முத்தலா பிஞ்சான்னு சொல்லும். ஒரு குத்துக் கடலையை மூணு பேருக்குச் சமமாப் பிரிக்கும். ஒண்ணு மிஞ்சினா அது தனக்குன்னு எடுத்துக்கும். கணக்கில் புத்தி குறைவில்லை.

ஆவணியில் கடலைக்கு மண் அணைச்சு ஜிப்சம் போட்டுக்கொண்டிருந்தோம். பாப்பா வரப்பில் உட்கார்ந்து "அ அம்மா, ஆ ஆடு" என்று ராகம் போட்டது. சந்தோஷமா இருந்துச்சு. குச்சியால் மண்ணில் பெரிசா ஒரு 'உ' எழுதி, இது என்னம்மா என்று கேட்டேன். ஊரில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து மளிகைச் சிட்டை வரைக்கும் தலையில் இருக்கிற பிள்ளையார் சுழி அது. பாப்பா கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு "அ அம்மா" என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. உ-வைத் தாண்டி, ஊ-வைத் தாண்டி, ஔ வரைக்கும் போய்த்தான் நின்றது. நின்னுட்டு என் முகத்தைப் பார்த்துச்சு.

அதுக்குப் பாட்டு தெரியும். எழுத்து தெரியாது. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆள் உட்கார்ந்திருக்கணும். அந்த இடம் ஒண்ணரை வருஷமா காலியா இருந்தது.

பேச்சு தானா வரும். வீட்டில் நாலு பேர் பேசினால் பிள்ளை பேசிடும். எழுத்து அப்படி வராது. அது புல் இல்லை, மழை பேஞ்சதும் முளைக்க. நாற்று. ஒருத்தர் விதைச்சு, ஒருத்தர் பிடுங்கி, ஒருத்தர் குனிஞ்சு நட்டாகணும். ஆயிரம் வருஷம் ஆலமரத்தடியில் விளையாடினாலும் 'ம'வும் 'ய'வும் வேற வேறன்னு ஆலமரம் சொல்லாது. இயற்கையே பள்ளிக்கூடம் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் எழுத்து படிச்சவங்கதான். படிச்சுட்டு இயற்கைக்கு வர்றது வேற. படிக்காம அதிலேயே கெடக்கிறது வேற.

2021 அக்டோபர் கடைசியில் இன்னொரு பேச்சும் கேட்டுச்சு. "அதான் திங்கட்கிழமை, நவம்பர் 1, ஒண்ணாவதுலேருந்து எட்டாவது வரைக்கும் திறக்கிறாங்களே, எல்லாம் சரியாயிடும்." 2020 மார்ச் நடுவில் மூடினது. அதுக்குள்ள 19 மாசத்துக்கு மேல ஆகியிருந்துச்சு. நடுவில் மதுக்கடை திறந்தாச்சு, சினிமாக் கொட்டகை திறந்தாச்சு, கடைசியாத்தான் சின்னப் பிள்ளைங்க முறை வந்துச்சு. மூடினது தப்புன்னு சொல்ல மாட்டேன். ரெண்டாம் அலையில் எங்க ஊரிலும் இழவு விழுந்தது. ஆனா திறந்தவுடனே எல்லாம் சரியாயிடும்ங்கிறது ஏமாத்து. 2020 மார்ச்சில் ஒண்ணாம் வகுப்பில் இருந்த பிள்ளை 2021இல் மூணாம் வகுப்பு. கொஞ்சம் தெரிஞ்சிருந்த எழுத்தும் போயிருக்கும். கையில் மூணாம் வகுப்புப் புத்தகம் இருக்கும். எங்க ஊர் மாதிரி சின்னப் பள்ளிக்கூடங்களில் ரெண்டு ஆசிரியர்கள் அஞ்சு வகுப்பையும் பார்க்கணும். எட்டாவது வரைக்கும் பெயில் கிடையாது என்பதால் பிள்ளை வருஷா வருஷம் மேலே போகும். எழுத்து கீழேயே நிக்கும். அப்புறம் ஒன்பதாவதில் "இதுக்குப் படிப்பு ஏறலை" என்று ஊரே சொல்லும். அதுக்கப்புறம் திருப்பூர் பனியன் கம்பெனிதான். பாப்பாவோட அப்பாவும் அம்மாவும் அங்கதான் இருக்காங்க.

"ஆன்லைன் கிளாஸ் இருந்துச்சே?" வீட்டில் இருக்கிற ஒரே பெரிய போன் திருப்பூரில் அப்பா சட்டைப் பையில். அப்பாயிகிட்ட இருக்கிறது பட்டன் போன். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் போட்டார்கள், நல்லாவே போட்டார்கள். குறை சொல்லலை. பத்தாவது படிக்கிற பிள்ளை அதை உட்கார்ந்து பார்க்கும். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது போதாது. டிவிக்கு வாய் உண்டு, காது கிடையாது. பிள்ளை தப்பாச் சொன்னா "ஏன் அப்படிச் சொல்றே?"ன்னு திருப்பிக் கேக்கத் தெரியாது.

"பெத்தவங்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்றவங்ககிட்டத்தான் எனக்குக் கோபம் அதிகம். அப்பாயி வீட்டுக் கூரை ஒழுகும். பாப்பாவின் புத்தகங்களை உரச் சாக்கின் உள் பிளாஸ்டிக்கில் சுத்தி அரிசித் தூக்குக்கு மேல வச்சிருக்கு. மழையில் அந்த வீட்டில் நனையாத ஒரே இடம் அதுதான். சத்துணவுக்குப் பதிலா வந்த அரிசி பருப்பைத் தவறாமல் போய் வாங்கியது. அரிசியும் பருப்பும் வந்துச்சு. எழுத்துக்கு மட்டும் ஆள் வரல. கைநாட்டு வைக்கிற அப்பாயி எப்படிச் சொல்லித் தரும்? இதுக்குப் பேர் அக்கறையின்மையா?

எங்க புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. 1991, 92இல் அறிவொளி இயக்கம். நான் அப்ப அரைக்கால் சட்டை. பொழுது சாஞ்சதும் மந்தையில் அரிக்கேன் விளக்கைச் சுத்தி எங்க அம்மா, சித்தி, குவாரிக்குக் கல் உடைக்கப் போற அக்காக்கள் எல்லாம் சிலேட்டோட உட்காருவாங்க. சொல்லிக் கொடுத்தது யாரு? சம்பளம் வாங்காத ஊர்ப் பிள்ளைங்க. பத்தாவது படிச்சது, பன்னிரண்டாவது படிச்சது. அந்தப் பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதுக்குப் பின்னால் நின்றார். எங்க அம்மா கையெழுத்துப் போட்டது அப்பத்தான்.

அந்தக் கதையின் பின்பாதியை யாரும் சொல்றதில்லை. விளக்கை எடுத்துட்டுப் போனப்புறம் அம்மாவுக்குப் படிக்க ஒண்ணும் கிடைக்கலை, உட்கார வைக்க ஆளும் இல்லை. பத்து வருஷத்தில் எழுத்து கரைஞ்சுபோச்சு. பேரை மட்டும் கோலம் போடற மாதிரி வரைஞ்சுகிட்டு இருந்துச்சு. அருவாளைச் செருகி வச்சா துருப் பிடிக்கும். எழுத்தும் அப்படித்தான். பெரிய மனுஷிக்கே அப்படின்னா, அரைகுறையாக் கத்துக்கிட்ட ஆறு வயசுப் பிள்ளைக்கு 19 மாசம் என்ன செய்யும்னு நீங்களே யோசிங்க.

வரப்பில் அந்த 'உ' நடந்த மறுநாளிலிருந்து பாப்பாவையும் தெருவில் இன்னும் மூணு பிள்ளைகளையும் சாயங்காலம் அரை மணி நேரம் திண்ணையில் உட்கார வைக்கிறேன். நான் வாத்தியார் இல்லை. பிளஸ் டூ தாண்டலை. முதல் வாரம் எனக்கு நடந்த மாதிரியே நடத்தினேன். ஒவ்வொரு எழுத்தும் பத்துத் தடவை எழுது, எழுதலைன்னா அதட்டு. நாலாம் நாள் திண்ணையில் ஒரு பிள்ளை இல்லை. தப்பு பிள்ளைகள் மேல் இல்லை, என் மேல்.

அப்புறம் மாத்தினேன். "இன்னைக்கு என்ன பார்த்தே?" என்று கேட்டேன். "மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு" என்றது பாப்பா. அதை அப்படியே சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் எழுதி, விரலை வச்சு ஒவ்வொரு வார்த்தையா அது சொன்னதையே படிச்சுக் காட்டினேன். தன் வாயிலிருந்து வந்தது தரையில் கிடக்கிறதைப் பார்த்து பாப்பா சிரிச்ச சிரிப்பை என்னால் எழுத முடியாது. மறுநாள் சாரல் அழிச்சிருந்தது. "எங்க என் மாடு?" என்று கேட்டது. திரும்ப எழுதினோம். 'மா' எங்க இருக்கு, 'டு' எங்க இருக்குன்னு அதுவே தேடிச்சு. ஒரு தெரிஞ்சவர் "அத்துக்கிட்டு, ஓடிருச்சுன்னெல்லாம் எழுதலாமா? பேச்சுத் தமிழ் பழகிடுமே" என்றார். அண்ணே, முதல்ல அது பேசறதைப் படிக்கட்டும். 'அறுத்துக்கொண்டு ஓடியது' எங்கயும் ஓடிடாது.

247 எழுத்துன்னு பயமுறுத்தலை. ப, ம, ட, க என்று நாலு எழுத்து. பக்கத்தில் ஒரு கால் போட்டா ப பா, ம மா, ட டா, க கா. ஒரு கால் தெரிஞ்சா பதினெட்டு எழுத்துக்கும் போட்டுக்கலாம் என்ற சூட்சுமம் பிடிபட்ட அன்றைக்கு, தெருவில் ஒரு சுவர் பாக்கியில்லை.

கணக்கிலும் ஒரு பாடம் படிச்சேன், நான்தான் படிச்சேன். முப்பத்தேழு கடலை எண்ணச் சொன்னால் தப்பில்லாமல் எண்ணியது. எழுதச் சொன்னால் 307 என்று எழுதியது. முப்பதை எழுதி அதன் பக்கத்தில் ஏழை எழுதியிருக்கு. அது நினைச்சபடி சரிதானே! பத்துப் பத்தாக் குமிக்கச் சொன்னேன். மூணு குமி, மிச்சம் ஏழு. குமியை இந்தக் கட்டத்தில் எழுது, மிச்சத்தை அந்தக் கட்டத்தில் எழுது. 37. கடலை கொல்லையிலிருந்துதான் வந்தது, சம்மதம். ஆனா 307ஐ 37 ஆக்க, பக்கத்தில் ஒரு ஆள் இருந்து "ஏன் இப்படி எழுதினே?"ன்னு கேக்க வேண்டியிருந்துச்சு.

ஏழு வாரத்தில் அதிசயம் ஒண்ணும் நடக்கலை. பதினஞ்சு எழுத்துப் போல நிச்சயமாத் தெரியுது. 'ண'வும் 'ன'வும் இன்னும் குழப்பம். ஆனா எந்த எழுத்தை நடுவில் காட்டினாலும் இப்ப பாட்டுப் பாடறதில்லை.

இப்ப உங்ககிட்ட வர்றேன். எங்க தெருவிலேயே ரெண்டு வீட்டில் பெங்களூர் வேலையை ஊரிலிருந்தே பார்க்கிற தம்பிங்க இருக்காங்க. பிள்ளைங்க ஜன்னல் ஓரம் நின்னு லேப்டாப்பை வேடிக்கை பார்க்கும். "மீட்டிங்ல இருக்கேன், சத்தம் போடாதீங்க" என்று விரட்டு விழும். மீட்டிங் முடிஞ்சப்புறம் யாரும் திரும்பக் கூப்பிடறதில்லை. உங்க ஊரிலும் இப்படித்தான் இருக்கும்.

2021 அக்டோபர் 27, புதன்கிழமை மரக்காணம் பக்கம் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி வச்சாங்க. சாயங்காலம் தன்னார்வலர்கள் பிள்ளைகளை உட்கார வைக்கணும்னு சொன்னாங்க. அஞ்சாவது வரைக்கும் சொல்லிக் கொடுக்க பிளஸ் டூ போதும்னாங்க. நானும் பேர் கொடுத்தேன். ஆசிரியர் வேலையை இலவச ஆள் தலையில் கட்டலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. காலியிடத்தை நிரப்பு என்று கேட்க நீங்க கிளம்பினா நானும் கூட வர்றேன். ஆனா அந்த வாதம் முடியற வரைக்கும் பாப்பாவுக்கு ஏழு வயசாவே இருக்காது.

தீபாவளி வரும். நிறைய பேர் ஊருக்கு வருவீங்க. கொல்லையைப் பார்த்து, கிணத்தைப் பார்த்து, படம் எடுத்து, "சொர்க்கம்டா"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுவீங்க. இந்தத் தடவை ஒரே ஒரு வேலை செய்யுங்க. ஒரு சாக்பீஸ் டப்பா வாங்கிட்டு வாங்க. காத்தோட்டமாத் திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ உட்காருங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு அது பேரை எழுதச் சொல்லுங்க. எழுதலைன்னா நீங்க எழுதிக் காட்டுங்க. இருக்கிற நாலு நாளும் அரை மணி நேரம். கிளம்பும்போது, ஊரில் இருக்கிற பிளஸ் டூ படிச்ச தங்கச்சி யார்கிட்டயாவது அந்த டப்பாவைக் கொடுத்துட்டுப் போங்க.

வெடி அப்புறம் வெடிக்கலாம்.